தன்ஷிகா பச்சையில் இருக்கிறாள்

ஜூலை 3, திங்கள்

கோழித்தீவனக் கம்பெனிக்காரன் அரை வருஷம் போன பிறகு டைரி கொடுத்திருக்கிறான். ஜனவரி முதல் ஜூன் வரை வெற்றுப் பக்கம். பிள்ளைகளுக்குக் கிறுக்கக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, முப்பத்தொரு வருஷமாக ரிஜிஸ்டரிலேயே எழுதி எழுதித் தேய்ந்த கையால் நமக்கென்று நாலு வரி எழுதினால் என்ன என்று தோன்றியது. அடுத்த ஏப்ரலில் ரிட்டயர். அதுவரைக்கும் எழுதுவோம்.

பக்கத்துக்குப் பக்கம் கீழே கோழி வளர்ப்புக் குறிப்பு ஒன்று அச்சடித்திருக்கிறான். இன்றைய குறிப்பு, தண்ணீர்க் குழாயைத் தினமும் கழுவ வேண்டுமாம். நம் அங்கன்வாடியில் குழாய் வந்தால் அல்லவா கழுவ.

பதினேழு பிள்ளைகள் வந்தார்கள். ஆயா பாவாயி சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள். கேட்டால் நாக்கு செத்துவிட்டது என்கிறாள். வாய் மட்டும் சாகவில்லை.

ஜூலை 6, வியாழன்

எடை போடும் நாள். உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, கால் நுழைக்கிற பையில் உட்காரவைத்தால் ஒவ்வொன்றும் கோயிலில் மொட்டை போடுகிற மாதிரி அலறுகிறது. மதியத்துக்குள் முப்பத்திரண்டு உருப்படி முடித்தோம். எனக்குத் தலைவலி.

கோழிப்பண்ணையில் தங்கி வேலை பார்க்கிற மோனிஷா கடைசியாக வந்தாள். அவளுக்கே இருபது வயது, இடுப்பில் பதினாலு மாதப் பெண். தன்ஷிகா. இந்தக் காலத்துப் பெயர்கள் ரிஜிஸ்டரில் எழுதினால் கட்டத்தை விட்டு வெளியே போகின்றன. போன மாதம் ஏழு கிலோ முந்நூறு இருந்தது. இன்றைக்கு முள் ஆறு தொள்ளாயிரத்தில் நின்றது. பிள்ளை ஒரே ஆட்டம். ஆடினால் முள் எங்கே நிற்கும்? இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தேன். அப்போதும் ஆடினாள்.

ஜூலை 7, வெள்ளி

போனில் எடை ஏற்றினேன். பிள்ளையின் பெயரைத் தொட்டு, எண்ணைப் போட்டால் அதுவே நிறம் காட்டிவிடும்: சரியான எடைக்குப் பச்சை, குறைவுக்கு மஞ்சள், ரொம்பக் குறைவுக்குச் சிவப்பு. தன்ஷிகாவுக்கு ஆறு தொள்ளாயிரம் போட்டேன். மஞ்சள். தராசு கொஞ்ச நாளாகவே சரியில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். அழித்துவிட்டு ஏழு நானூறு போட்டேன். பச்சை. அடுத்த மாதம் பிள்ளை ஏறிவிடும், அப்போது எல்லாம் ஒன்றாகிவிடும். பிள்ளையின் வளர்ச்சி அட்டையிலும் புள்ளி வைத்துக் கோட்டை இழுத்துவிட்டேன்.

பண்ணை அறை மழைக்கு ஒழுகுகிறது என்று மோனிஷா அட்டையை என்னிடமே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். பீரோவில் வைத்தேன்.

ஜூலை 11, செவ்வாய்

மழை. ஆறே பிள்ளைகள். முட்டை மிஞ்சியது.

ஜூலை 19, புதன்

பிளாக் ஆபீசில் மீட்டிங். எங்கள் சூப்பர்வைசர் எஸ்தர் மேடத்துக்கு என் மகள் வயசுதான் இருக்கும். நல்ல பெண், அவளுக்கு மேலே இருக்கிறவர்கள்தான் அவளைக் கோழி கிளறுகிற மாதிரி கிளறுகிறார்கள். எங்கள் பகுதியில் சிவப்பு ஒன்றுகூட இல்லாத மையம் இரண்டுதானாம். அதில் ஒன்று நம்முடையது. "சம்பூர்ணம் டீச்சர் எந்திரிங்க" என்றாள். எழுந்தேன். கை தட்டினார்கள். முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு யாரும் கை தட்டியது கிடையாது. சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு உள்ளபடி சிவப்பு எழுதினேன். அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. உங்கள் மையத்தில் பிள்ளை ஏன் இந்த நிலைக்கு வந்தது என்று விளக்கம் கேட்டு மெமோ. ஐந்து பிரதி எழுதினேன். நான்கு அதிகாரிகள் ஜீப்பில் வந்து என் சத்துமாவு மூட்டைகளைப் புரட்டினார்கள். பிள்ளையின் அம்மா நடுத்தெருவில் நின்று, ஊர் முழுக்க என் பிள்ளை சோத்துக்கில்லாதது என்று எழுதிவிட்டாயே என்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்தப் பிள்ளை பிழைத்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அதற்காக ஒருத்தரும் என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

ஜூலை 27, வியாழன்

மோனிஷா சத்துமாவு பாக்கெட் வாங்க வந்தாள். பாக்கெட்டை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். என்ன என்று கேட்டேன்.

"பாப்பா எளைச்ச மாதிரி இருக்குதுங்க டீச்சர்."

பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்றேன். பத்து நாளாக வயிறு இளகிப் போகிறது, முட்டையை மசித்து வாயில் வைத்தாலும் துப்பிவிடுகிறாள் என்றாள். காலை ஆறு மணிக்கு முட்டை பொறுக்கப் போனால் பிள்ளை ஷெட்டுக்குப் பின்னால் சேலைத் தொட்டிலில் கிடக்கிறதாம். இடையில் வந்து பார்க்கப் போனால் மேஸ்திரி முறைக்கிறானாம்.

பிறகு அவள் சொன்னது: "பண்ணையில குஞ்சுகள வாராவாரம் எடை போடுவோமுங்க. அம்பது கிராம் கொறஞ்சா மறுநா டாக்டர் வந்துருவாரு. எனக்கு எடையே போட வேண்டாமுங்க, கையில எடுத்தாலே தெரிஞ்சிரும். பாப்பாவையும் கையில எடுத்தா தெரியுதுங்களே."

கோழியும் பிள்ளையும் ஒன்றா அம்மிணி என்று சிரித்துவிட்டு, பீரோவைத் திறந்து அட்டையைக் காட்டினேன். பார், கோடு மேலேதான் போகிறது, பச்சையில் இருக்கிறாள் என்றேன். அவளுக்கு எண் படிக்கத் தெரியும், ஆனால் அட்டையில் கோட்டைத்தான் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. மையம் லீவு. மகள் போன் பண்ணினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

எடை போட்டோம். தன்ஷிகா ஆடவில்லை. பையில் வைத்ததும் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அழக்கூட இல்லை.

ஆறு நானூறு.

தராசு கோளாறு என்றேன், பாவாயிக்குக் கேட்கிற மாதிரி. அவள் சமையல் அறைக்குப் போய் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இரண்டைக் கொண்டுவந்து பையில் போட்டாள். முள் இரண்டில் போய் நின்றது. "சரியாத்தான இருக்குதுங் டீச்சரம்மா" என்றாள். உப்புப் பாக்கெட்டிலேயே கடைக்காரன் குறைத்துத்தான் போடுவான், அதை வைத்து என்ன தெரியும் என்றேன். பாவாயிக்கு எதற்கெடுத்தாலும் மூக்கை நுழைக்க வேண்டும்.

மாலை போனில் ஏற்றினேன். ஆறு நானூறு போட்டால் ஒரே மாதத்தில் ஒரு கிலோ இறக்கம் என்று காட்டும். எஸ்தர் மேடத்துக்கு அந்த நிமிஷமே செய்தி போய்விடும். போன மாதம் என்ன போட்டீர்கள், இந்த மாதம் என்ன, எது பொய் என்று கேட்பாள். கை தட்டி இன்னும் மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏழு அறுநூறு போட்டேன்.

ஏறிவிடும். சத்துமாவு இரண்டு பாக்கெட் கூடுதலாகவே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காய்ச்சும் விதமும் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பல்லி விழுந்துவிட்டது என்று பாவாயி சாதத்தைக் கொட்டி மறுபடி வடித்தாள். மணி ஒன்றரை ஆகிவிட்டது. நல்லவேளை, யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் குழு வந்தது. கோலம், வண்ணக் காகிதம், எல்லாம் பண்ணியிருந்தோம். எஸ்தர் மேடமும் வந்திருந்தாள். பட்டியலில் மஞ்சள் பிள்ளைகள் மூன்று பேர், அவர்களை மட்டும் பார்த்துவிட்டு டீ குடித்துப் போனார்கள். மோனிஷாவும் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். தன்ஷிகா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஆகஸ்ட் 17, வியாழன்

மோனிஷா பண்ணை வாசலில் நின்று கூப்பிட்டாள். நான் டவுனுக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பாப்பாவுக்கு இருமலும் இருக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். வீட்டுக்காரன் சூர்யா, டீச்சரைக் கேட்டுவிட்டு வா, அவர்கள் சொன்னால் லீவு போடலாம் என்றானாம்.

போனால் எடை போடுவார்கள். அதுதான் முதலில் தோன்றியது. ஏன் அது முதலில் தோன்றியது என்று இப்போது எழுதும்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிரப் வாங்கிக் கொடு, ஒரு வாரம் பார்க்கலாம் என்றேன். பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 26, சனி

நேற்றுக் காலை தன்ஷிகாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பாவாயிதான் வந்து சொன்னாள். பிள்ளையின் அட்டையை எடுத்து வரச் சொன்னார்களாம். எடுத்துக்கொண்டு போனேன்.

மூக்கில் குழாய். கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தியிருந்தார்கள். முகம் கிழவி முகமாக இருந்தது. டாக்டர் சின்னப் பெண், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரி மெஷினில் ஐந்து எண்ணூறு. அட்டையை வாங்கிப் பார்த்தாள். நாலாம் தேதி ஏழு அறுநூறு. திரும்பி மோனிஷாவைப் பார்த்தாள்.

"மூணு வாரத்துல ரெண்டு கிலோ கிட்ட எறங்கியிருக்கு. வீட்டுல என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

மோனிஷா என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று நினைத்திருப்பாள், இவள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள் என்று. நான் பிள்ளையின் காலைப் போர்த்திவிட்டேன். சூர்யா சுவரோரம் நின்றிருந்தான். பெண்டாட்டியை அப்படி ஒரு பார்வை பார்த்தான்.

டாக்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

காலை ஏழு மணிக்குத் தன்ஷிகா போய்விட்டாள்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

பண்ணைக்குப் பின்னால் ஓடைக்கரையில் புதைத்தார்கள். நான் போனேன். சின்னக் குழி. சூர்யாவின் அக்கா மோனிஷாவைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்குக் கொடுத்த சத்துமாவை என்ன பண்ணினாய், கோழிக்குப் போட்டாயா என்று கேட்டாள். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன்.

மையத்தில் பன்னிரண்டு பிள்ளைகள். புளிசாதம்.

ஆகஸ்ட் 31, வியாழன்

எஸ்தர் மேடம் வந்தாள். எந்தக் குழந்தை இறந்தாலும் விசாரணை உண்டு. போனைப் பார்த்தாள், ரிஜிஸ்டரைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். நம் ரெக்கார்டு சுத்தமாக இருக்கிறது டீச்சர், நம்மேல் ஒன்றும் வராது என்றாள். அவளுக்கும் பயம் இருந்திருக்கும் பாவம்.

அறிக்கையை அவளே எழுதினாள். குழந்தை ஆகஸ்ட் முதல் வாரம் வரை இயல்பான எடையில் இருந்தது. சத்துமாவு முறையாக வழங்கப்பட்டது. அதன் பிறகு தாயின் கவனக்குறைவால் வயிற்றுப்போக்கு முற்றியது. படித்துக் காட்டினாள். தாயின் கவனக்குறைவு என்று இருக்க வேண்டுமா என்று கேட்டேன். வேறு எப்படி எழுதுவது டீச்சர், எடை அப்படித்தானே சொல்கிறது என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். பாவாயி வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் என்னோடு பேசி மூன்று நாளாகிறது.

செப்டம்பர் 4, திங்கள்

இந்த மாதம் எடை போட வேண்டும். தராசைத் தொங்கவிட்டேன். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நானே உப்புப் பாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று போட்டால் ஒன்று. இரண்டு போட்டால் இரண்டு. அரை கிலோ ரவையும் சேர்த்தேன். இரண்டரை. தராசில் ஒரு கோளாறும் இல்லை. அது எனக்கு ஜூலையிலேயே தெரியும்.

போன மாதம் பத்தாம் தேதி நடந்ததை நான் சரியாக எழுதவில்லை. தன்ஷிகாவை எழுப்பவில்லை என்று எழுதியிருக்கிறேன். பிள்ளை மெலிந்திருக்கிறதா என்று கைச்சுற்றளவு அளக்கிற நாடா நர்ஸிடம் இருந்தது. மஞ்சள் பிள்ளைகளை அளந்து முடித்துவிட்டு, டாக்டர் தானாகவே திரும்பி, அந்தப் பாப்பா எப்படி என்று மோனிஷாவின் தோளைக் காட்டிக் கேட்டார். மோனிஷா உடனே பிள்ளையின் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டாள். நாடாவைச் சுற்ற ஒரு நிமிஷம். எஸ்தர் மேடம் பட்டியலைப் பார்த்து, அது பச்சைங்க சார் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, அப்படித்தானே டீச்சர் என்றாள். நான் ஆமாங்க என்றேன். சொன்னதோடு விடவில்லை. டீ ஆறுகிறது, வாருங்கள் என்று டாக்டரைக் கூப்பிட்டேன். மோனிஷா சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

அன்றைக்கே மெலிந்த பிள்ளை என்று எழுதி ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்தால் பிழைத்திருக்கும். பிழைக்காமலும் போயிருக்கலாம். இரண்டாவதை நினைத்துத்தான் ஒரு வாய் சோறு இறங்குகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. நான் கெட்டவள் இல்லை என்றுதான் அறுபது வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று முள் காட்டியதையே எல்லாருக்கும் போட்டேன். இரண்டு சிவப்பு. ஐந்து நிமிஷத்தில் எஸ்தர் மேடத்தின் போன் வந்தது. விரல் தவறிப் பட்டுவிட்டதா டீச்சர் என்று கேட்டாள். இல்லை என்றேன். நாளைக்கு இன்னொரு தடவை எடை போட்டுப் பாருங்கள் என்றாள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

மறுபடி போட்டேன். அதேதான். சொன்னேன். விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும் என்றாள். எழுதுகிறேன் என்றேன்.

தன்ஷிகாவுக்கு விளக்கம் கேட்க ஒருத்தரும் இல்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

தன்ஷிகாவுக்கு ஜூலையில் ஆறு தொள்ளாயிரம். ஆகஸ்டில் ஆறு நானூறு. இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மடித்து டைரிக்குள் வைத்தேன். நாளைக்குப் பண்ணைக்குப் போய் மோனிஷாவிடம் கொடுத்துவிட வேண்டும்.

செப்டம்பர் 9, சனி

மூட்டு வலி. போகவில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

மோனிஷா தானே வந்தாள். பிள்ளைகள் தூங்குகிற நேரம். கையில் ஒரு துணிப்பை. சூர்யா அவளோடு பேசுவதில்லையாம். நாளை அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். திரும்பக் கூப்பிடுவார்களா என்பது தெரியாது. பண்ணையிலும் வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். குஞ்சைத் தூக்கும்போது இரண்டைக் கீழே போட்டுவிட்டாளாம்.

பையிலிருந்து பிரிக்காத சத்துமாவு பாக்கெட் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வேறு பிள்ளைக்கு ஆகட்டும் என்றாள்.

டைரி என் பைக்குள்தான் இருந்தது, தாளும் அதற்குள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நீ சரியாகத்தான் பார்த்தாய், உன் கை சரியாகத்தான் சொன்னது, மூன்று வாரத்தில் நடந்ததில்லை இது, தப்பு என்னுடையது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"டீச்சர், உங்கள மனசுக்குள்ள சந்தேகப்பட்டேனுங்க. பல்லு மொளைக்குதுன்னு நீங்க சொன்னப்பக்கூட, எங்கையில எடுத்தா தெரியுதே, இவங்க என்ன இப்படிச் சொல்றாங்கன்னு நெனச்சேன். எங்கைதானுங்க தப்பு. அப்ப நல்லாத்தான் இருந்திருக்கா. கடைசியிலதான் நான் விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாவாயி சமையல் அறை வாசலில் வந்து நின்றாள். என்னையே பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று நின்றாள்.

அட்டையைக் கொடுங்கள் என்றாள் மோனிஷா. எதற்கு அம்மிணி என்றேன். பாப்பாவை ஒரு போட்டோகூட ஒழுங்காக எடுக்கவில்லை, பெயர் எழுதியது இது ஒன்றுதான் என்றாள். அதோடு, ஆகஸ்ட் நாலாம் தேதி வரைக்கும் நன்றாகத்தான் வைத்திருந்தேன் என்று அம்மாவிடம் காட்ட வேண்டும், அம்மாவாவது நம்பட்டும் என்றாள்.

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே பிரித்தாள். பிறந்தபோது வைத்த முதல் புள்ளியில் ஆரம்பித்து, என் பேனாக் கோட்டின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். கடைசிப் புள்ளி வந்ததும் விரல் நின்றது.

"இங்க நல்லா ஏறியிருக்கறா, இல்லீங்களா டீச்சர்?"

ஆமாம் கண்ணு என்றேன்.